வீடு திரும்பிவிட்டால் உடம்பு தேறிவிட்டதா?



நேற்று நம் பழைய மாணவர் குழுவில் ஒரு செய்தி. குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து ஒருவன் வீட்டுக்கு வந்துவிட்டான். பெயர் வேண்டாம். ஏலத்தோட்டத்தில் பச்சைக்காய் மூட்டை சுமக்கிறவன். "ஹீ இஸ் ரெக்கூப்பரேட்டட்" என்று ஒருவன் போட, வரிசையாகக் கைகூப்பல்கள். தோட்டம் வைத்திருக்கும் இன்னொரு மாணவன், "திங்கட்கிழமை ஜீப்புல வந்துருவியா?" என்று கேட்டேவிட்டான்.

இலக்கணப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், பழக்கதோஷம். உடம்பைப் பற்றிச் சொல்லும்போது அந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. "இஸ் ரெக்கூப்பரேட்டிங்" என்றுதான் வரும். பிழையைக்கூட மன்னிப்பேன். நடந்துகொண்டிருப்பதை முடிந்துபோனதாக எழுதியதை மன்னிக்க மாட்டேன்.

ரெக்கவர், ரெக்கூப்பரேட் இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல். இழந்ததை மீட்பது என்று பொருள். ஆனால் ரெக்கூப்பரேட் என்றால் ஓய்வெடுத்து, சாப்பிட்டு, மெல்ல மெல்ல பலம் பெறுவது. நமக்கு இதைச் சொல்லித்தர ஆங்கிலேயன் வேண்டியதில்லை. "காய்ச்சல் விட்டுருச்சு, உடம்பு இன்னும் தேறல" என்று நம் அப்பத்தாக்கள் சொல்வார்களே! விடுவது வேறு, தேறுவது வேறு.

கொரோனா காலத்தில் தினமும் "குணமடைந்து வீடு திரும்பியோர்" என்று ஒரு எண் வந்தது. 2020 மே மாத விதிப்படி, லேசான பாதிப்பு என்றால் அறிகுறி தொடங்கிப் பத்து நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாவிட்டால் மறுபரிசோதனைகூட இல்லாமல் அனுப்பலாம். அது ஆஸ்பத்திரியை விட்டு வந்தவர்களின் கணக்கு. மாதக்கணக்கில் மூச்சு வாங்கியவர்கள் அதில் எங்கே? அந்தத் தொடர் நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் வரையறை தந்தது 2021 அக்டோபரில்தான்.

2006இல் என் அக்காவுக்குச் சிக்குன்குனியா. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை. ஏலக்காய் செடியின் அடியில் அல்லவா காய்க்கிறது? குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். அவளால் முடியவில்லை. "குணமாயிருச்சுல்ல, இன்னும் என்ன நடிப்பு?" என்றார்கள். கூலியும் இல்லை, இந்தப் பேச்சு வேறு. அந்த "குணமாயிருச்சுல்ல" இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே, போட்டவனே, அதை அழித்துவிட்டு "தேறி வருகிறான்" என்று தமிழிலேயே எழுது. தோட்டக்காரத் தம்பி, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களாவது பாரம் தூக்கக் கூடாது. எப்போது மூட்டை தொடலாம் என்று டாக்டர் சொல்லட்டும், எப்போது ஜீப் ஏறுவது என்று அவன் சொல்லட்டும். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்யலாம் என்று குழுவில் பேசுங்கள். என் பங்கை இன்று மாலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.