கடையில் கேட்காத சத்தம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் சில மாதங்களில் ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். "இதே படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாகப் பார்த்தால் எப்படி இருக்கும்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அடுத்த வாரம் வீட்டில் ஒரு புரொஜெக்டர் இருக்கும். அறிமுகமான நண்பர் ஒருவர் வீட்டிலும் இதுதான் நடந்தது. வாங்கிய பத்தாவது நாள் போன் செய்தார்.

"படம் பெரிசாத்தான் சார் வருது. ஆனா யாராவது மெதுவாப் பேசினா ஃபேன் சத்தம்தான் கேட்குது. மனுஷங்க முகமெல்லாம் நீலம் பூத்த மாதிரி இருக்கு. ஏதாவது செட்டிங்ஸ் இருக்கா?"

அவர் சொன்ன இரண்டு குறைகளும் புதியவை அல்ல. 2000-களில் அமெரிக்க வீடுகளின் ஹாலை அடைத்துக் கொண்டிருந்த ரியர் புரொஜெக்ஷன் டிவியை வாங்கியவர்கள் இதே இரண்டைத்தான் சொல்லிப் புலம்பினார்கள். அந்த டிவிகள் இன்று கடைகளில் இல்லை. சோனி 2007 இறுதியில் விலகுவதாக அறிவித்தது. கடைசி வரை தாக்குப் பிடித்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்திக் கொண்டது. டிவி போய்விட்டது. ஆனால் அதை விற்ற முறை போகவில்லை. அங்குலத்தைப் பெரிதாகக் காட்டி, சத்தத்தையும் சரிக்கட்டும் வேலையையும் வாங்குபவர் தலையில் கட்டுவதே அந்த முறை. அங்குலத்துக்குப் பணம் கொடுக்கும் முன் காதுக்கும் கண்ணுக்கும் வேலை கொடுங்கள் என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் ஒரு புரொஜெக்டர்

ரியர் புரொஜெக்ஷன் டிவி என்பது பெரிய பெட்டிக்குள் அடைக்கப்பட்ட புரொஜெக்டர்தான். அடியில் ஒளியை உண்டாக்கும் பகுதி இருக்கும். அந்த ஒளி, பின்புறம் சாய்த்து வைத்த கண்ணாடியில் பட்டுத் திரும்பித் திரையின் பின்பக்கத்தில் விழும். நாம் முன்பக்கம் உட்கார்ந்து பார்ப்போம்.

முதலில் வந்தவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பிக்சர் ட்யூப்கள் இருந்தன. இவற்றில் பெரியவை 100 கிலோவுக்கும் மேல் எடை கொண்டவை. அடுத்து, ட்யூப்களுக்குப் பதிலாக ஒரே பல்பையும் சிறிய சிப்களையும் பயன்படுத்தும் டிவிகள் வந்தன. இவற்றில் எல்.சி.டி., டி.எல்.பி., எல்காஸ் என்று மூன்று வகை. டி.எல்.பி.க்கு அடிப்படையான நுண்கண்ணாடிச் சிப்பை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கினார். சோனி தன் எல்காஸ் வகைக்கு எஸ்.எக்ஸ்.ஆர்.டி. என்று பெயர் வைத்தது.

இவை மோசமான டிவிகள் என்று நான் சொல்லமாட்டேன். பிளாஸ்மா டிவி யானை விலை விற்ற காலத்தில் 50, 60 அங்குலத் திரையை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் தந்தவை இவைதான். குறை, விற்கும்போது சொல்லாமல் விட்ட விஷயங்களில் இருந்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

இந்த டிவிகளுக்கும் புரொஜெக்டர்களுக்கும் ஒளி தரும் பல்ப் சாதாரண பல்ப் அல்ல. அதற்குள் பாதரச ஆவி சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில் இருக்கும். 100 முதல் 200 வாட், புரொஜெக்டர்களில் அதற்கு மேலும் மின்சாரம் இழுக்கும். கடுமையாகச் சுடும். அதைக் குளிர்விக்க ஃபேன் ஓடியே ஆக வேண்டும். டிவியை அணைத்த பிறகும் ஓரிரு நிமிடம் ஃபேன் ஓடுவது இதனால்தான்.

ஒரு சிப் கொண்ட டி.எல்.பி.யில் இன்னொரு சத்தமும் உண்டு. நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்ட, வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு சக்கரம் பல்பின் முன் சுழலும். விநாடிக்கு 60 படங்கள், ஒரு படத்துக்கு இரண்டு சுற்று என்று கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று வருகிறது! சக்கரத்தின் வேகத்தை இன்னும் கூட்டிய மாடல்களும் வந்தன. புதிதாக இருக்கும்போது மெல்லிய ரீங்காரம்தான். சில ஆண்டுகளில் பேரிங் தேய்ந்தால் அது விசில் போல மாறும். ஃபேன் சத்தமாவது சிறிது நேரத்தில் பழகிவிடும். இந்தக் கூர்மையான சத்தம் பழகாது.

இது கடையில் ஏன் தெரியவில்லை? கடையில் ஏ.சி. ஓடும். பக்கத்து டிவியில் பாட்டு அலறும். நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே 35 டெசிபல் சத்தம் காதில் விழாது. இரவு பத்து மணிக்கு வீடு அடங்கிய பிறகு அதே 35 டெசிபல்தான் முதலில் கேட்கும்.

டெசிபல் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 25-க்கும் 35-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். மேலும், புரொஜெக்டர் அட்டைப் பெட்டியில் அச்சிடும் எண் பெரும்பாலும் 'எகோ' நிலையில் எடுத்ததாக இருக்கும். விளம்பரத்தில் சொல்லும் வெளிச்சமோ முழு வேகத்தில் எடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உங்களுக்குக் கிடைக்காது. இதைச் சொல்லாமல் விற்பதை நான் நேர்மை என்று சொல்லமாட்டேன்.

கடை வெளிச்சம் வேறு, வீட்டு வெளிச்சம் வேறு

அடுத்தது காலிபரேஷன். டிவி காட்டும் கறுப்பு, வெள்ளை, நிறங்கள் எல்லாம் படம் எடுத்தவர்கள் பார்த்த அளவிலேயே இருக்கும்படி சரிக்கட்டுவதற்கு இந்தப் பெயர்.

வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. சினிமாவும் டிவி நிகழ்ச்சிகளும் சுமார் 6,500 கெல்வின் என்ற வெள்ளையை அளவாகக் கொண்டு தயாராகின்றன. எண் கூடக் கூட வெள்ளை நீலமாகும். கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, டிவிகளை 9,000 கெல்வினுக்கும் மேல் வைத்து, கான்ட்ராஸ்ட்டை முழுவதும் ஏற்றி அனுப்பி வைப்பார்கள். அமெரிக்காவில் இதை 'டார்ச் மோட்' என்றே கிண்டல் செய்தார்கள். அதே நிலையில் வீட்டுக்கு வந்தால் முகம் நீலம் பூக்காமல் வேறென்ன செய்யும்?

மூன்று ட்யூப் டிவிகளில் இது வெறும் அழகுப் பிரச்னை அல்ல. மூன்று நிறப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். பெட்டியை இடம் மாற்றினாலே பூமியின் காந்தப் புலத்தால் அந்தப் பொருத்தம் கொஞ்சம் விலகும். எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிசிறடிக்கும். கான்ட்ராஸ்ட்டை முழுவதும் ஏற்றி வைத்தால் ட்யூபின் உட்பூச்சு சீக்கிரம் தேய்ந்து, அசையாமல் நின்ற படத்தின் தழும்பு திரையிலேயே தங்கிவிடும். சேனல் சின்னமும் கம்ப்யூட்டரின் டாஸ்க்பாரும் அப்படித் தங்கியவைதான்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது. 1994-ல் தொடங்கப்பட்ட இமேஜிங் சயின்ஸ் ஃபவுண்டேஷனில் பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்கு வந்து, கருவி வைத்து அளந்து சரி செய்வார்கள். சில நூறு டாலர் ஆகும். பணம் கொடுக்க விரும்பாதவர்கள் ஜோ கேன் தயாரித்த 'வீடியோ எசென்ஷியல்ஸ்' போன்ற டிஸ்க்கை வாங்கித் தாங்களே செய்துகொண்டார்கள். வேறு சிலர் ரிமோட்டில் ரகசிய பட்டன்களை அழுத்திச் சர்வீஸ் மெனுவுக்குள் நுழைந்தார்கள். பழைய எண்களை எழுதி வைக்காமல் மாற்றிவிட்டு, திரும்ப வழி தெரியாமல் மெக்கானிக்கை அழைத்தவர்களும் உண்டு.

கருவி வைத்து அளப்பது உண்மையிலேயே பயன் தரும் வேலைதான். ஆனால் முதல் முறை பெரிய திரை வாங்குபவருக்கு அது தேவையில்லை. பயனர் மெனுவில் உள்ள ஐந்தாறு செட்டிங்ஸை ஒழுங்காக வைத்தாலே கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்குக் காசும் இல்லை. சர்வீஸ் மெனு பக்கம் மட்டும் போகாதீர்கள்.

காசில்லாத காலிபரேஷன்

இவற்றை இந்த வரிசையில் செய்யுங்கள். டிவிக்கும் புரொஜெக்டருக்கும் இது பொருந்தும். அறையில் வழக்கமாக எந்த வெளிச்சத்தில் படம் பார்ப்பீர்களோ அந்த வெளிச்சமே இருக்கட்டும்.

1. பிக்சர் மோடில் 'விவிட்', 'டைனமிக்' ஆகியவற்றை விட்டுவிட்டு 'சினிமா' அல்லது 'மூவி'யைத் தேர்ந்தெடுங்கள்.

2. கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' என்று வையுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தோன்றும். பிறகு பழைய நிலைக்கு மாற்றிப் பார்த்தால் அதுதான் நீலம் என்று உங்களுக்கே புரியும்.

3. பிரைட்னஸ் என்பது பெயருக்கு மாறாகக் கறுப்பைக் கட்டுப்படுத்துவது. கறுப்புக் கோட்டு அணிந்தவர் படத்தை வைத்து, கோட்டின் மடிப்பு லேசாகத் தெரிய வேண்டும், ஆனால் கறுப்பு சாம்பலாகக் கூடாது என்ற அளவில் நிறுத்துங்கள்.

4. கான்ட்ராஸ்ட் வெள்ளையைக் கட்டுப்படுத்துவது. வெள்ளைச் சட்டையின் மடிப்பும் பித்தானும் தெரியும் வரை குறையுங்கள்.

5. ஷார்ப்னஸைக் குறையுங்கள். எழுத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு மறையும் இடமே சரியான இடம்.

கம்ப்யூட்டரை இணைப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்டார்ட் பட்டனும் டாஸ்க்பாரும் திரைக்கு வெளியே போய்விட்டால் கம்ப்யூட்டரில் பழுது என்று பயப்பட வேண்டாம். டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதாவது ஒரு பெயரில் மெனுவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுத் திரையும் வந்துவிடும். எழுத்துகளும் கூர்மையாகும். விண்டோஸ் 7 முதல் கம்ப்யூட்டரிலேயே நிறம் சரிக்கட்டும் வசதி உண்டு. டிவியைச் சரி செய்த பிறகே அதைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

விலைச் சீட்டில் இல்லாத செலவு

பல்ப் தேயும் பொருள். பெட்டியில் 4,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், அந்த நேரத்தில் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்றே பொருள் கொள்ளுங்கள். தினமும் நாலு மணி நேரம் பார்த்தால் மூன்று ஆண்டுக்குள் புதிய பல்ப். ரியர் புரொஜெக்ஷன் டிவி வாங்கிய பல அமெரிக்கர்களுக்குப் பல்ப் விலை நூறு டாலரைத் தாண்டும் என்பது முதல் பல்ப் போன பிறகுதான் தெரிந்தது. பல்ப் மங்க மங்க, பணம் கொடுத்துச் செய்த காலிபரேஷனும் விலகிப்போனது தனிக் கதை.

நம் ஊருக்கு மின்வெட்டையும் சேர்த்துக் கொள்ளுங்கள். படம் ஓடும்போது கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும். குளிராத பல்புக்கு அது நல்லதல்ல. பல்ப் வகைப் புரொஜெக்டர் வாங்கினால் யு.பி.எஸ். விலையையும் கணக்கில் சேருங்கள். கம்ப்யூட்டருக்கு வாங்கிய சிறிய யு.பி.எஸ்.ஸிலேயே இரண்டையும் மாட்டாதீர்கள், சுமை தாங்காது. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலை ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சத்தமும் உண்டு. மலையில் காற்று மெலிந்திருப்பதால் 'ஹை ஆல்டிட்யூட்' நிலையில் வைக்க வேண்டியிருக்கும். ஃபேன் இன்னும் வேகமாக ஓடும்.

வாங்கும் முன்...

இப்போது வரும் லேசர் புரொஜெக்டர்களில் பல்ப் மாற்றும் தொல்லை இல்லை. 20,000 மணி நேரம் என்கிறார்கள். ஆனால் ஃபேன் இருக்கிறது. டி.எல்.பி. என்றால் பலவற்றில் சுழலும் சக்கரமும் இருக்கிறது. மலிவு விலைச் சிறு புரொஜெக்டர்களில் 'லூமென்' என்று போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், ஆன்சி லூமென் எவ்வளவு என்று கேளுங்கள். '4கே சப்போர்ட்' என்றால் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். காட்டுவது 720 வரிகளாகக்கூட இருக்கலாம். நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன என்று கேளுங்கள்.

கடைக்குப் போனால் மூன்று வேண்டுகோள் வையுங்கள். ஒலியை முழுவதும் நிறுத்தச் சொல்லுங்கள். முழு வெளிச்சத்தில் வைத்து, நீங்கள் உட்காரப் போகும் தூரத்தில் நின்று ஐந்து நிமிடம் கேளுங்கள். பிறகு 'சினிமா' மோடுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். இதற்கு மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால், திருப்பித் தரும் கெடுவுக்குள் ஓர் இரவு முழுப் படம் ஒன்றைக் குறைந்த ஒலியில் பார்த்துவிடுங்கள்.

பழைய ரியர் புரொஜெக்ஷன் டிவியை யாராவது சும்மா தருகிறேன் என்றாலும் யோசியுங்கள். பல்புக்கும் உதிரிபாகத்துக்கும் அலைவது உங்கள் வேலையாகிவிடும்.

நண்பரின் புரொஜெக்டர் என்ன ஆயிற்று? மோடை மாற்றியதும் முகங்களில் நீலம் போய்விட்டது. அலமாரிக்குள் காற்றுத் துளைகள் அடைபட்டு இருந்த புரொஜெக்டரை வெளியே எடுத்து வைத்ததில் சத்தம் ஓரளவு குறைந்தது. முழுவதும் போகவில்லை. போகவும் போகாது. "இதை வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாததால்தான் இங்கே நான் எழுதுகிறேன்.