காட்டுக்கு என்ன வருத்தம், மருந்து அடிக்க?

போன ஓகஸ்டில் நண்பர்களோடு சட்பரிக்கு வடக்கே கேம்பிங் போயிருந்தேன். மரலொறிகள் ஓடும் மண்பாதையோரம் ஓர் அறிவிப்புப் பலகை. இந்தப் பகுதியில் ஹெலிகொப்டரிலிருந்து களைநாசினி தெளிக்கப்படும் என்று எழுதியிருந்தது. மருந்தின் பெயர் கிளைபோசேட். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "காட்டுக்கு மருந்து அடிக்கிறாங்களோ? காட்டுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டா.

அம்மா பகிடிக்குத்தான் கேட்டா. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒன்ராறியோவிடம் நல்ல பதில் இல்லை.

நடப்பது இதுதான். அரசு நிலத்தில் கம்பனிகள் மரம் வெட்டிவிட்டு ஸ்புரூஸ், பைன் கன்றுகளை நடுகின்றன. ஆனால் வெட்டிய ஆஸ்பென் மரத்தின் வேர் சாவதில்லை. அடுத்த கோடையிலேயே ஹெக்டேயருக்கு ஆயிரக்கணக்கில் தளிர் விடும். பேர்ச்சும் ராஸ்பெரியும் கூடவே வந்து கன்றுகளை மூடிவிடும். அதனால் கோடைக் கடைசியில், ஸ்புரூஸின் புதுத் தளிர்கள் முற்றிய பிறகு, மருந்து அடிக்கிறார்கள். அகன்ற இலைகள் அதை உறிஞ்சிச் சாகும். மெழுகு பூசிய ஊசியிலைகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

எஞ்சினியரிங் படித்தவனாகச் சொல்கிறேன், இது கெட்டித்தனமான முறைதான். பிழை அளவுகோலில் இருக்கிறது. நட்ட ஊசியிலைக் கன்றுகள் போட்டியை மீறி வளர்ந்துவிட்டனவா என்றுதான் பார்க்கிறார்கள். ஐடி வேலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். றிப்போர்ட்டில் ஒரு விஷயத்துக்குக் கட்டம் இல்லையென்றால், மீற்றிங்கில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்த அளவுகோலில் மூஸுக்குக் கட்டம் இல்லை. புளூபெரிக்கு இல்லை. நெருப்புக்கும் இல்லை.

நெருப்பை எடுங்கள். 2023 ஜூனில் ரொறன்ரோ வானம் புகையால் மங்கியது ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டு கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேயர் எரிந்தது. இலை விட்ட ஆஸ்பென் காட்டில் ஈரம் அதிகம். அங்கே நெருப்பு வேகம் குறையும், பல நேரம் தரையோடு தங்கிவிடும். பிசின் நிறைந்த ஊசியிலைக் காட்டில் அது மர உச்சிக்கு ஏறி ஓடும். நெருப்பைத் தடுக்கும் மரத்தைக் காசு கொடுத்துக் கொன்றுவிட்டு, பிறகு நெருப்பை அணைக்கவும் காசு கொடுக்கிறோம்.

மூஸ் தின்பது ஆஸ்பென், பேர்ச் தளிர்களைத்தான். ஹியூரன் ஏரியின் வடகரை முதற்குடி மக்களுக்கு அந்தக் காடுகளில் வேட்டையாடும் உரிமையை 1850ஆம் ஆண்டு ஒப்பந்தம் உறுதி செய்தது. அவர்களின் மூத்தவர்கள் இந்தத் தெளிப்பை நிறுத்தச் சொல்லிப் பல வருடமாகப் போராடுகிறார்கள். மூஸ் இல்லாத காட்டில் வேட்டை உரிமையை வைத்து என்ன செய்வது?

உங்களில் சிலர் உடனே புற்றுநோய்க் கதைக்கு வருவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் கிளைபோசேட்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. ஹெல்த் கனடாவோ 2017இல், லேபலில் சொன்னபடி பாவித்தால் கவலையில்லை என்றது. அந்தச் சண்டை நடக்கட்டும். என் வாதத்துக்கு அது தேவையில்லை. இந்த மருந்து மனிதருக்குத் தண்ணீர் மாதிரிப் பாதுகாப்பானது என்றே வையுங்கள். ஆஸ்பெனைக் கொல்வதுதான் அதன் வேலை, அதைச் சரியாகவே செய்கிறது. என் முறைப்பாடே அதுதான்.

"வேறு வழி இல்லை" என்பார்கள். பக்கத்து மாகாணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கியூபெக் தன் அரசுக் காடுகளில் களைநாசினியை 2001இல் நிறுத்திவிட்டது. பெரிய கன்றுகளை வெட்டியவுடனேயே நடுகிறார்கள், தேவையான இடத்தில் ஆட்கள் மெஷின் வாளால் புதரை வெட்டுகிறார்கள். செலவு கூடத்தான். ஆனால் அந்தக் காசு வடக்கு ஊர்களில் சம்பளமாக இறங்குகிறது.

கியூபெக் இதை ஒரே இரவில் செய்யவில்லை. 1994இலேயே அறிவித்து ஏழு வருடம் தயாரானார்கள். இலங்கை இதே கிளைபோசேட்டை 2015இல் திடீரென்று தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திரும்ப அனுமதித்தது. மாற்று வழியைத் தயார் செய்யாத தடை நிலைக்காது. ஆகவே நான் கேட்பது நாளைக்கே தடை அல்ல. ஒரு கடைசித் திகதி, அதுவரை ஆட்களுக்கும் கன்றுகளுக்கும் பணம்.

நாங்கள் ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் இருக்கிறவர்கள், எங்களுக்கென்ன என்று கேட்காதீர்கள். அது அரசு நிலம், எங்கள் பெயரில்தான் மருந்து அடிக்கிறார்கள். ஒவ்வொரு காட்டுக்கும் பத்து வருடத் திட்டம் போடும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அதற்கு எழுதுங்கள். உங்கள் மாகாண உறுப்பினருக்கும் எழுதுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் என் அம்மாவின் கேள்வியையே எழுதுங்கள்.

காட்டுக்கு என்ன வருத்தம்?