இல்லமும் கல்வியும்: முற்றத்திலே ஒரு பாடசாலை

மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் இரயில்வே எழுத்தன் மூட்டை கட்டத்தான் வேண்டும். ஈராண்டுகட்கு முன்னர், கார்த்திகை மாதத்தில், நாம் குடும்பத்தோடு ஜபல்பூர் வந்து சேர்ந்தோம். மகனுக்கு அப்பொழுது எட்டு வயது. கல்வியாண்டின் நடுவே இடமில்லை, ஏப்ரலில் வாருங்கள் என்று பள்ளியில் கூறிவிட்டனர். ஊரும் புதிது, மொழியும் புதிது. ஓயாது பேசும் பிள்ளை வாயடைத்துப் போனான். பாடப் புத்தகத்தை விரித்தாலே கண் கலங்கினான்.

ஒரு நாட்காலை, குடியிருப்பின் மின்கம்பியில் அமர்ந்திருந்த கரிய பறவையொன்று, தன்னினும் பெரிய காகத்தை விரட்டிச் சென்றது. வால் இரண்டாகப் பிளந்திருந்தது. "அப்பா, அதன் பெயர் என்ன?" என்றான். நாம் அறியோம். தஞ்சையிலிருக்கும் நமது அன்னையாரைத் தொலைபேசியில் வினவினோம். "அது கரிச்சானடா! இரட்டைவால் குருவி என்றும் சொல்லுவோம்" என்றார். அடுத்த வீட்டுச் சிறுவனோ, "அது கொத்வால்" என்றான். காகத்தையும் பருந்தையும் அஞ்சாது துரத்துவதால் இந்தியில் அதற்குக் காவலதிகாரியின் பெயர். அன்றைக்கு நம் மகன் இரு மொழியில் இரு சொற்கள் கற்றான். ஒரு தோழனையும் பெற்றான்.

அன்றுமுதல் நாள்தோறும் காலையில் கால் மணி நேரம் முற்றத்தில் அமர்வது வழக்கமாயிற்று. இதற்குப் பொருட்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும், தொலைநோக்கி இன்றியமையாததன்று. நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை முதலில் எழுதுக. பின்னர், பறவை சிட்டுக்குருவியளவா, மைனாவளவா, காகத்தளவா என்று ஒப்பிடுக. அலகின் வடிவம், வாலின் நீளம், நடக்கிறதா தத்துகிறதா என்பவற்றைக் குறிக்க. பெயர் இறுதியில் வரட்டும். குரலைக் கேட்டே பெயர் கூறும் கைப்பேசிச் செயலிகள் இன்று உள்ளன. எனினும் குழந்தையின் கண்ணும் செவியும் முதலில் உழைத்தல் நன்று. கூட்டை நெருங்குதலும் முட்டையைத் தொடுதலும் ஆகா. கோடையில் அகன்ற மண்சட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் மாற்றுக.

எண்ணிக்கையைக் கூட்டிச் சராசரி கண்டதில் கணக்கு வந்தது. பாட்டிக்கு எழுதிய கடிதங்களில் தமிழ் வந்தது. கரிய குயில் ஆண், புள்ளியுடைய பழுப்புக் குயில் பெண், அது காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்றறிந்தபோது அறிவியல் வந்தது. நாம் அதட்டிக் கற்பித்தது ஒன்றுமில்லை.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்வும் இத்தகையதோர் ஐயத்திலேதான் தொடங்கிற்று. சிறுவராயிருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறங்கண்டு, அஃதென்னவென்றறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை அவர் நாடினார். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1941இல் வெளிவந்தது.

அக்குளிர்காலத்தில் முற்றத்து நீர்க்குழாயடியில் வெள்ளை வாலாட்டி ஒன்று நாள்தோறும் வாலை அசைத்து ஓடித் திரிந்தது. மார்ச்சு இறுதியில் காணாமற் போயிற்று. வடக்கே தன் இனப்பெருக்க நிலத்திற்குச் சென்றிருக்கும் என்றோம். "அதற்கும் மாற்றலா?" என்றான் மகன். நமக்கு மறுமொழி எழவில்லை. அக்டோபரில், பள்ளியிலிருந்து திரும்பியவன் புத்தகப் பையோடு ஓடிவந்து, "அப்பா, வாலாட்டி வந்துவிட்டது!" என்றான். அதே பறவைதானோ, வேறொன்றோ, நாம் எவ்வாறு அறிவது? ஆயினும் அவன் முகத்தில் அச்சம் நீங்கியிருந்தது. போவதும் வருவதும் உலகத்து இயல்பென்பதை நாம் சொல்லித் தெளிவித்திருக்க இயலாது.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2013 முதல் இந்தியரும் பெருமளவிற் பங்கு கொள்கின்றனர். கால் மணி நேரம் எண்ணினால் போதும். சங்கத்துக் குடும்பங்கள் இவ்வாண்டு தத்தம் முற்றத்திலிருந்தே தொடங்கலாமே. பெயர் தெரியாவிடில் வெட்கப்பட வேண்டா. ஊரிலிருக்கும் பாட்டியைக் கேளுங்கள்.