யானை எங்கே நிற்கிறது?

2023 மே 27ஆம் தேதி காலையில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானை கம்பம் நகருக்குள் நுழைந்தது. நகரத்தைக் கடந்து அது ஒதுங்குவதற்குள் அதன் காணொளி கூடலூரிலிருந்து போடி வரைக்கும் பரவிவிட்டது. ஆட்டோவை முட்டியது, ஆட்கள் சிதறி ஓடியது, ஓடியவர்களே திரும்பி நின்று படம் பிடித்தது எல்லாம் அதில் இருந்தன. நகரில் 144 தடையுத்தரவு போட்டார்கள். தடையுத்தரவு தெருவுக்குத்தான், ஆகாயத்துக்கு இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, புளியந்தோப்பில் ஒதுங்கி நின்ற யானைக்கு மேலே ஒருவர் ட்ரோன் பறக்கவிட்டார். யானை மிரண்டு மறுபடியும் ஓடியது. அன்றைக்கு யானையிடம் அடிபட்ட காவலாளி ஒருவர் மூன்று நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினோம்?

அரிக்கொம்பனின் கதை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போடிமெட்டுக்கு மேலே சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கிய யானை. பரம்பிக்குளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது கேரள உயர்நீதிமன்றம். அங்கே இருந்தவர்கள் வேண்டாம் என்று மறியலுக்கு வந்தார்கள். கடைசியில் ஏப்ரல் 29ஆம் தேதி பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கமாக நடந்து நம்மிடம் வந்தது. ஜூன் 5 அதிகாலையில் சின்ன ஓவுலாபுரம் அருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு - முண்டந்துறைக் காப்பகத்தில் மேல்கோதையாற்றுப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். இதற்கிடையில் முகநூலில் ரசிகர் பக்கங்கள் முளைத்தன, சினிமா அறிவிப்பு வந்தது, அதன் பேரைச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் வசூல் நடந்ததாகப் புகாரும் கிளம்பியது. புதிய இடத்தில் அது புல்லைத் தண்ணீரில் அலசித் தின்னும் காட்சியை வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாகு ட்விட்டரில் போட்டார். பார்த்தவர்களுக்கெல்லாம் மனசு நிறைந்தது.

ரசிகர்களைக் கேலி செய்யவில்லை. ஒரு யானையை அதன் காட்டிலிருந்து பெயர்த்து வேறெங்கோ இறக்கிவிடுவது சரிதானா என்று அதிகாரிகளையும் நீதிமன்றங்களையும் கேட்கவைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நமக்கு உறுத்துவது வேறு.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் தேவாரத்தின் மலையடிவாரத் தோட்டங்களுக்கு ஒரு மக்னா வந்துபோய்க்கொண்டிருந்தது. தென்னையும் வாழையும் போயின. மனித உயிர்களும் போயின. 2018இல் டாப்சிலிப்பிலிருந்து கலீம், மாரியப்பன் என்ற இரண்டு கும்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. அந்த மக்னாவுக்கு யாரும் பேர் வைக்கவில்லை, பக்கம் தொடங்கவில்லை. கொம்பில்லாத யானை, அதுவும் இருட்டில் வருகிற யானை. படத்துக்கு எடுக்காது. படம் இல்லாததால் அது மாவட்டப் பக்கச் செய்தியாகவே முடிந்துபோனது. கழுத்தில் காலர் மாட்டிய யானைக்குக் கிடைத்த கண்ணீரில் ஒரு சொட்டுகூட, தேவாரத்துத் தோட்டங்களில் இராக்காவல் கிடந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதே கைபேசியை வைத்துக்கொண்டு வால்பாறையில் வேறொன்று செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். தேயிலைக்கு நடுவே எஸ்டேட் குடியிருப்புகள், நடுநடுவே துண்டு துண்டாகக் காடு. அங்கே இறந்தவர்களின் விவரங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்துப் பார்த்தார் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமார். பெரும்பாலானோர் யானையைத் துரத்தப் போய்ச் சாகவில்லை. வேலை முடிந்தோ கடைக்குப் போய்விட்டோ நடந்து வந்தவர்கள். அந்த இடத்தில் யானை நிற்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, அதைத் தெரியப்படுத்தினால் போதும் என்று முடிவு செய்தார்கள். முதலில் உள்ளூர்க் கேபிள் டிவியின் அடிவரியில், இன்று மாலை யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று ஓடவிட்டார்கள். 2011 வாக்கில் குறுஞ்செய்தி வந்தது. சுற்றுவட்டத்தில் குடியிருப்பவர்களின் எண்களுக்கு மட்டும் போகும் செய்தி அது. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. பேருந்திலிருந்து ஆட்கள் இறங்கும் இடம் போன்றவற்றில் உயரத்தில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். அழைக்கிறவர் அந்த ஊர்க்காரர். ஆண்டுக்குச் சராசரி மூன்றாக இருந்த சாவு ஒன்றாகக் குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கொடுத்தார்கள்.

வால்பாறைக் குறுஞ்செய்தியில் படம் கிடையாது, பாட்டு கிடையாது. யாருக்கும் அனுப்பிப் பேர் வாங்க முடியாது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது வேண்டாத செய்தி. கம்பத்துக் காணொளி துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனது. கம்பம் புறவழிச்சாலையில் நின்றவருக்குத்தான் உதவவில்லை. யானை நிற்கும் இடம் தெரிந்ததும் வால்பாறையில் ஆட்கள் விலகிப் போனார்கள், கம்பத்தில் ஓடி வந்தார்கள்.

பரபரப்பு பரவி, வேண்டிய செய்தி அமுங்கிப்போவது நமக்கு முதல் அனுபவமும் இல்லை. பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த காலத்தில் நம் கைபேசிகளில் வராத கதையா? நியூட்ரினோவே ஆளைக் கொல்லும் என்பதுவரை வந்தது. பாறையை வெடித்தால் நீரோட்டம் என்ன ஆகும், பக்கத்திலிருக்கும் மதிகெட்டான் சோலைக்கு என்ன ஆகும் என்று கேட்டவர்களின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க எதிர்த்தரப்புக்கு வதந்தியைவிட வசதியான துணை வேறில்லை.

கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், பொட்டிப்புரம் என்று மலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களின் எண்களை ஒரு வாரத்தில் திரட்டிவிடலாம். விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களின் எண்களையும், சாக்கலூத்து மெட்டுப் பாதையில் ஏறி இறங்குகிறவர்களின் எண்களையும் அதில் சேர்க்கவேண்டும். வேட்டைத்தடுப்புக் காவலர் யானையைப் பார்த்த அரைமணியில் அந்த எண்களுக்கு மட்டும் தமிழில் ஒரு வரி போகவேண்டும். கும்கிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவில் இதைப் பல வருஷம் நடத்தலாம். மாவட்ட வனத்துறையும் பேரூராட்சிகளும் இதைச் செய்யாமல் இருப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் ஒன்றும் இல்லை. கேட்காமல் இருப்பது நம் குற்றம்.

அதுவரை வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். ராத்திரியில் உங்கள் கைபேசிக்கு யானைப் படம் வந்தால், அது எந்த இடம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். நம் பக்கம்தான் என்றால், அங்கே தோட்டத்தில் காவல் கிடப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். படத்தைக் காலையில் அனுப்பிக்கொள்ளலாம்.