ராகி பீருக்கு உரிமம், கள்ளுக்குத் தடை: மதுச் சட்டங்களின் வர்க்க முகம்

‘இந்தியாவின் பப் தலைநகரம்’ என்று வணிக ஏடுகளால் நெடுங்காலம் அழைக்கப்பட்ட பெங்களூருவுக்கு இப்போது ‘கிராஃப்ட் பீர் தலைநகரம்’ என்ற புதிய பட்டமும் சூட்டப்பட்டிருக்கிறது. இந்திரா நகரிலும் கோரமங்களாவிலும் ஒயிட்ஃபீல்டிலும் மைக்ரோ புரூவரி எனப்படும் சிறு பீர் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்துள்ளன. கோதுமை பீர், கசப்பு மிகுந்த இந்தியா பேல் ஏல், கருநிற ஸ்டவுட், மாம்பழக் காலத்தில் மாம்பழ பீர், ராகி பீர், காப்பி மணம் சேர்த்த பீர் என்று வகைகள் நீள்கின்றன. எந்த வகையை இளைஞர்கள் விரும்புகிறார்கள், எந்த ஆலையின் சுவை மேலானது என்ற விவாதங்களுக்கு ஏடுகளில் பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. ‘பெங்களூருவைப் பாருங்கள், தமிழ்நாடு இன்னும் டாஸ்மாக் புட்டியோடு நிற்கிறதே’ என்ற குரலும் இடையிடையே கேட்கிறது.

யார் எந்தச் சுவையை விரும்புகிறார்கள் என்பது நமது கவலை அல்ல. நாம் எழுப்ப வேண்டிய கேள்வி வேறு. அரசின் சட்டம் யாருடைய குடியைப் பண்பாடு என்று ஏற்று உரிமம் தருகிறது? யாருடைய குடியைக் குற்றம் என்று துரத்துகிறது? இக்கேள்விக்குக் கடந்த இருபதாண்டுக் கர்நாடக வரலாறே விடை தருகிறது.

சாராயம் போனது, சாவு போகவில்லை

1981 ஜூலையில் பெங்களூருவிலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த உழைப்பாளிகள். அதன் பிறகும் கால் நூற்றாண்டு காலம் சாராயக் குத்தகைதாரர்கள் கர்நாடக அரசியலின் பணப்பையாக விளங்கினர். கிராமப்புறப் பெண்களின் தொடர் எதிர்ப்புக்குப் பின்னரே, 2007 ஜூலை 1 முதல் அம்மாநிலத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அது பெண்களின் நியாயமான கோரிக்கை. அவர்கள் அதை வரவேற்றதும் நியாயமே.

ஆனால் தடைக்குப் பின் நடந்தது என்ன? சாராயத்தின் இடத்தை, சிறு அட்டைப் பொதிகளில் அடைத்து விற்கப்படும் மலிவு விலை ‘இந்தியாவில் தயாராகும் அயல்நாட்டு மது’ பிடித்துக்கொண்டது. உழைப்பாளி குடியிலிருந்து மீளவில்லை; அதற்குக் கூடுதல் விலை கொடுத்தான். அந்த விலையையும் கொடுக்க இயலாதவன் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போனான். தடை வந்து ஓராண்டு நிறைவதற்குள், 2008 மே மாதத்தில், பெங்களூருவின் புறநகர்களிலும் கோலார் மாவட்டத்திலும் எல்லை கடந்து நமது கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நச்சுச் சாராயம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சாவுக்கு மாநில எல்லை தெரியவில்லை. வர்க்க எல்லை மட்டும் தெரிந்திருந்தது.

இத்துயரத்தின் ஈரம் காய்வதற்குள், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிறு பீர் ஆலைகளுக்குக் கர்நாடகத்தில் சட்டக் கதவு திறக்கப்பட்டது. ஏழையின் மலிவு மதுவைத் தடை செய்த அதே ஆயத்தீர்வைச் சட்டம், மேல்தட்டினர் தங்கள் கண்ணெதிரே காய்ச்சப்படும் பீரை அருந்தப் புதிய விதிகளை வகுத்தது. பெரும் மூலதனமும் நகரின் விலையுயர்ந்த பகுதியில் விசாலமான இடமும் உள்ளவருக்கே அந்த உரிமம் எட்டும்.

வரியின் தராசு எப்பக்கம் சாய்கிறது?

2023 ஜூலையில் கர்நாடக அரசு அனைத்து 18 விலைப்படிகளிலும் மதுவின் மீதான கூடுதல் ஆயத்தீர்வையை 20 சதவீதம் உயர்த்தியது; பீர் மீதான தீர்வையை 175 சதவீதத்திலிருந்து 185 சதவீதமாக்கியது. 2024 ஆகஸ்டில், அண்டை மாநிலங்களின் விலையோடு ஒத்துப்போக வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி, உயர்விலை மதுவகைகளுக்கான தீர்வை குறைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் பீர் மீதான தீர்வை மீண்டும் உயர்ந்தது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள புட்டிக்குச் சலுகை. கூலிக்காரன் வாங்கும் மதுவுக்குச் சுமை. ‘குடியைக் குறைப்பதற்காகவே வரியை உயர்த்துகிறோம்’ என்ற வாதம் உண்மையானால், அது பணக்காரனுக்கும் பொருந்த வேண்டுமல்லவா?

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தபோதும் இதே காட்சியைக் கண்டோம். சாலை விபத்துகளைத் தடுப்பது தீர்ப்பின் நோக்கம். ஆனால் மாநில அரசுகளோ நெடுஞ்சாலைகளின் பெயரை மாற்றுவதில் மூளையைச் செலவிட்டன. 2017 ஜூலையில் பெங்களூருவின் மகாத்மா காந்தி சாலையில் மூடப்பட்ட மதுக்கூடங்கள், நகர எல்லைக்குள் அத்தடை தளர்த்தப்பட்டதும் மீண்டும் ஒளிர்ந்தன.

இந்த வர்க்கப் பார்வை முகமூடியின்றி வெளிப்பட்டது 2020 மே முதல் வாரத்தில். பொதுமுடக்கத்திற்கிடையே மே 4 அன்று கர்நாடகத்தில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. மே 5 அன்று ஒரே நாளில் 197 கோடி ரூபாய்க்கு மது விற்றதாக அரசே அறிவித்தது. அதே மே 5 அன்றுதான், கட்டுமான நிறுவனத் தலைவர்களுடன் முதலமைச்சர் எடியூரப்பா நடத்திய கூட்டத்திற்குப் பின், புலம்பெயர் தொழிலாளரின் சிறப்பு ரயில்கள் தேவையில்லை என்று ரயில்வேக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. நாடு தழுவிய கண்டனத்திற்குப் பின்னரே அம்முடிவு கைவிடப்பட்டது. சிறு ஆலைகளில் தேங்கிய பீர் வீணாகாமல் இருக்க, அதைப் பொட்டலமாக எடுத்துச் செல்ல அந்த மாதமே விதி தளர்ந்தது. பீர் வீடு போய்ச் சேர வழி பிறந்தது. தொழிலாளி வீடு போய்ச் சேரும் வழி அடைபட்டது.

மாநிலங்கள் ஏன் மதுவை நம்பி நிற்கின்றன?

கர்நாடக அரசு 2025-26ஆம் ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய் ஆயத்தீர்வை வருவாயை இலக்காக வைத்தது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியாக 2023-24இல் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். ஆளும் கட்சிகள் மாறினாலும் இந்த எண்கள் ஏறுமுகமாகவே உள்ளன. இதை ஆட்சியாளர்களின் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் விளக்குவது போதாது.

அரசமைப்புச் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நெறிமுறையாக வைக்கிறது. அதே அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியல் மதுவையும் அதன் மீதான தீர்வையையும் மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, மாநிலங்களின் வரி விதிக்கும் உரிமை பெருமளவு பறிபோனது. எஞ்சிய பெரிய வாய்க்கால்கள் குடிக்கும் மதுவும் பெட்ரோலிய எரிபொருட்களும்தான். 15ஆவது நிதிக்குழு கர்நாடகத்தின் வரிப்பங்கை 4.713 சதவீதத்திலிருந்து 3.647 சதவீதமாகக் குறைத்தது. ஒன்றிய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டியிராத செஸ், சர்சார்ஜ் ஆகியவற்றைப் பெருக்கிக்கொண்டது. 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்து, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாயைப் பெருமுதலாளிகளுக்கு விட்டுக்கொடுத்ததும் அதே அரசுதான்.

அதாவது, மேலே பெருமுதலாளிக்கு விட்டுக்கொடுத்த வரியைக் கீழே உழைப்பாளியின் கோப்பையிலிருந்து மாநிலங்கள் வசூலிக்கின்றன. கணவனின் குடியிலிருந்து வசூலித்த பணத்தில் ஒரு பகுதி மனைவிக்கு உதவித்தொகையாகத் திரும்புகிறது. பெண்களுக்கான நலத்திட்டங்கள் தேவை. அவற்றைக் குறை கூறுவோர் அணியில் நாம் இல்லை. ஆனால் அவற்றுக்கான நிதி செல்வந்தர் மீதான நேர்முக வரியிலிருந்து வர வேண்டும்.

ஆதாயம் யாருக்கு? உழைப்பு யாருடையது?

2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் வெளியிட்ட உத்தரவு நமது தோழர்களிடம் போதிய கவனம் பெறவில்லை. யுனைடெட் புரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா, ஏபி இன்பெவ் ஆகிய மூன்று நிறுவனங்களும் பல்லாண்டுகளாக மாநிலந்தோறும் பீர் விலையைத் தமக்குள் பேசி வைத்துச் சதி செய்தன என்று ஆணையம் கண்டறிந்தது. முதலிரு நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 873 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மூன்றாவது நிறுவனம் முன்வந்து ஒப்புக்கொண்டதால் விலக்குப் பெற்றது. ‘சந்தையின் சுதந்திரப் போட்டி’ என்பதன் உண்மை உருவம் இதுதான். பெங்களூருவின் அடையாளமாகக் காட்டப்பட்ட யுனைடெட் புரூவரீஸின் பெரும்பான்மைப் பங்குகள் இன்று நெதர்லாந்தின் ஹைனகென் வசம். அதன் பழைய அதிபர் விஜய் மல்லையாவின் விமான நிறுவனம் 2012இல் முடங்கியபோது, ஊழியர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றித் தவித்தனர். அவரோ வங்கிக் கடன்களை விட்டுவிட்டு 2016 மார்ச்சில் லண்டன் போய்ச் சேர்ந்தார். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தம், பிரிட்டன் விஸ்கி மீதான 150 சதவீத இறக்குமதி வரியை உடனே 75 சதவீதமாகவும், பத்தாண்டுகளில் 40 சதவீதமாகவும் குறைக்க வழி செய்கிறது.

மறுபுறம் இத்தொழிலில் உழைப்போரின் நிலை என்ன? பெங்களூரு நகரில் மதுக்கூடங்களும் உணவகங்களும் இரவு 1 மணி வரை இயங்க 2024இல் அனுமதி விரிவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, 2023 பிப்ரவரியில், அன்றைய பாஜக அரசு தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறந்துவிட்டது. மதுக்கூடம் மூடிய பின் பாத்திரம் கழுவி, தரை துடைத்து வெளியே வரும் தொழிலாளிக்கு அந்நேரத்தில் பேருந்து உண்டா, மிகைநேர ஊதியம் உண்டா என்று எந்த விதியும் அக்கறையோடு கேட்கவில்லை. தமிழ்நாட்டிலோ, 2003 முதல் அரசே நடத்தும் மதுக்கடைகளில் பணியாற்றும் சுமார் 23 ஆயிரம் ஊழியர்கள் இருபதாண்டுகளுக்குப் பிறகும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். கஜானாவை நிரப்புபவரையே கூலியாளாக வைத்திருக்கும் வேலை தருநராக அரசு நிற்கிறது.

பனையேறி மட்டும் ஏன் குற்றவாளி?

ராகி பீரை ‘மண்ணின் சுவை’ என்று விளம்பரம் செய்யும் காலம் இது. ஆனால் மண்ணில் நிற்கும் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்கப்படும் கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. இறக்குமதியான ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் காய்ச்சினால் தொழில்முனைவு. பரம்பரை பரம்பரையாக மரமேறும் தொழிலாளி கலயம் கட்டினால் வழக்கு. கேரளத்திலோ கள் இறக்கும் தொழில் சட்டபூர்வமானது. 1969ஆம் ஆண்டிலேயே கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஓய்வூதியமும் தொழிற்சங்க உரிமையும் அங்கே போராட்டத்தால் வென்றெடுக்கப்பட்டன. கள்ளிலும் கலப்படம் உண்டு, கள்ளும் மதுவே என்பதை மறுக்கவில்லை. ஆனால் தடைக்குக் காட்டப்படும் காரணம் உடல்நலமென்றால், அது ஆலை மதுவுக்கு ஏன் பொருந்தவில்லை என்ற கேள்விக்குத் திராவிடக் கட்சிகள் இரண்டும் இன்றுவரை விடை சொல்லவில்லை.

நமது நிலைப்பாடு

முழு மதுவிலக்கே தீர்வு என்று கருதும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் உணர்வு மதிக்கத்தக்கது. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் எழுத்தறிவு இயக்கத்தில் கற்ற பெண்கள் மூட்டிய தீ, மறு ஆண்டே சாராயத் தடையாகவும் 1995இல் முழு மதுவிலக்காகவும் வளர்ந்ததை அவர்கள் நினைவூட்டுகிறார்கள். 2019 ஜனவரியில் சித்ரதுர்காவிலிருந்து பெங்களூருவுக்கு சுமார் 200 கிலோமீட்டர் நடந்தே வந்த ஆயிரக்கணக்கான கர்நாடகப் பெண்களின் கோரிக்கையும் அதுவே.

எனினும் ஆந்திர மதுவிலக்கு 1997இல் வருவாயின் பெயரால் கைவிடப்பட்டது. 2016 முதல் மதுவிலக்கு நடப்பிலுள்ள பீகாரில் லட்சக்கணக்கானோர் கைதாகினர். சிறை சென்றவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். நச்சுச் சாராயச் சாவுகளோ நிற்கவில்லை. மதுக்கடைகள் தாராளமாகத் திறந்திருந்த தமிழ்நாட்டில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் சாவது ஏழையே என்றால், சிக்கலின் வேர் கடையின் கதவில் இல்லை. கூலியிலும் வாழ்நிலையிலும் காவல்துறை-கள்ளச்சாராயக் கூட்டிலும் இருக்கிறது. தொழிலாளரின் குடிப்பழக்கத்தை அவர்களின் ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல், அவர்கள் தள்ளப்பட்ட வாழ்நிலையின் விளைவாகப் பார்க்க வேண்டும் என்று 1845இலேயே ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் பற்றிய தமது நூலில் காட்டினார். 1876இல், பிரஷ்யப் பண்ணையார்கள் மலிவு மதுவை வடித்து எவ்வாறு கொழுத்தார்கள் என்பதையும் அவரே அம்பலப்படுத்தினார்.

எனவே குடிப்பவனைத் தண்டிக்கும் சட்டமும் நமது பாதை அல்ல. ‘பெங்களூருவைப் போலத் தாராளமயமாக்கு’ என்ற முழக்கமும் நமது பாதை அல்ல. மதுக்கடை வேண்டாம் என்று கிராம சபையோ பகுதி சபையோ தீர்மானித்தால், அது அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். அதில் பெண்களின் வாக்கு முதன்மை பெற வேண்டும். மது வருவாயை ஆண்டுதோறும் உயர்த்தும் இலக்குகள் ஒழிய வேண்டும். படிப்படியாகக் குறைக்கும் கால அட்டவணையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். பெங்களூருவின் நிம்ஹான்ஸில் கிடைக்கும் மீட்புச் சிகிச்சை ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மதுக்கூட, மதுக்கடைத் தொழிலாளருக்குப் பணி நிரந்தரமும் எட்டு மணி நேர வேலையும் வேண்டும். கள் இறக்கும் தொழிலாளரைக் கூட்டுறவுக்குள் கொண்டுவந்து பாதுகாக்க வேண்டும். மாநிலங்களுக்கு உரிய வரிப்பங்கைப் பெறும் போராட்டத்தோடு இக்கோரிக்கைகள் இணைய வேண்டும்.

நமது கிளைக் கூட்டங்களில் மது பற்றிய விவாதம் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அதை வரி, கூலி, கூட்டாட்சி, பெண்ணுரிமை ஆகிய தளங்களுக்கு உயர்த்துவது மாதர், இளைஞர், தொழிற்சங்க அரங்கங்களில் பணியாற்றும் ஒவ்வொரு தோழரின் கடமையாகும்.