சப்வூஃபர் வாங்கினால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கவும் சினிமா பார்க்கவும் பழகிய பிறகு, அதனுடன் வந்த சிறிய ஸ்பீக்கர்கள் போதவில்லை என்று தோன்றும். வீட்டில் இருக்கும் ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயரையும் அதன் இரண்டு ஸ்பீக்கர்களையும் கம்ப்யூட்டருடன் இணைப்போம். பாஸ் இன்னும் வேண்டும் என்று ஒரு சப்வூஃபரும் வாங்குவோம். பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது என் கருத்து.

சப்வூஃபரின் பின்புறம் ஒரு குமிழ் இருக்கும். அதை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், அதற்கு மேற்பட்ட ஒலிகளை சப்வூஃபர் படிப்படியாகக் குறைத்துவிடும். ஆனால் ஹை-ஃபை ஸ்பீக்கருக்கு எந்த எல்லையும் வைக்கப்படவில்லை. சப்வூஃபர் வந்த பிறகும் அது பழையபடி எல்லா ஒலிகளையும் எழுப்ப முயன்றுகொண்டே இருக்கும். இதைத் தடுப்பதுதான் மீதி வேலை.

ஸ்பீக்கர் ஏன் திணறுகிறது?

80 ஹெர்ட்ஸில் கேட்கும் அதே அளவு ஒலியை 40 ஹெர்ட்ஸிலும் எழுப்ப, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சிறிய ஸ்பீக்கரால் இது முடியாது. பாடகரின் குரலையும் பெரும்பாலும் இதே கூம்புதான் தருகிறது. முரசு ஒலிக்காக அது திணறும்போது குரலும் சேர்ந்து கலங்குகிறது. பெட்டியில் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால், மிகத் தாழ்ந்த ஒலிகளில் கூம்புக்குக் காற்றின் பிடிமானமே இருக்காது. அது வீணாக உதறும். ஆம்ப்ளிஃபயரின் சக்தியும் இதில் வீணாகும்.

ஒரு சேனலுக்கு ஒரு கெபாசிட்டர்

தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து மற்றவற்றை விடுவதை ஹை-பாஸ் ஃபில்டர் என்பார்கள். இதன் எளிய வடிவம், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சிக்னல் வயரில் தொடராக வைக்கப்படும் ஒரு கெபாசிட்டர். இதற்கு மின் இணைப்பு தேவையில்லை. எனவே இதை பாஸிவ் ஃபில்டர் என்கிறோம்.

கணக்கு மிகச் சுலபம். ஆம்ப்ளிஃபயரின் கையேட்டில் இன்புட் இம்பீடன்ஸ் எத்தனை ஓம் என்று பாருங்கள். 2000ஐ அந்த எண்ணால் வகுத்தால், 80 ஹெர்ட்ஸுக்குத் தேவையான கெபாசிட்டரின் அளவு மைக்ரோஃபாரடில் கிடைக்கும். 10,000 ஓம் என்றால் 0.2, கடையில் 0.22 கேளுங்கள். 20,000 ஓம் என்றால் 0.1. 47,000 ஓம் என்றால் 0.047 போதும். ஃபிலிம் வகை கெபாசிட்டராக வாங்குங்கள். விலை மிகக் குறைவுதான்.

இதனால் 80 ஹெர்ட்ஸில் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி பாதியாகும். 40 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். 20 ஹெர்ட்ஸில் பதினேழில் ஒரு பங்கு.

எங்கே இணைப்பது?

கம்ப்யூட்டரின் பச்சை நிற சாக்கெட்டிலிருந்து வரும் ஒலியை, ஒய் வடிவ கேபிள்களால் ஒவ்வொரு சேனலிலும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளை நேராக சப்வூஃபருக்குப் போகட்டும். மற்றது கெபாசிட்டர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகட்டும். கெபாசிட்டர் நடு வயரில்தான் வர வேண்டும். வெளிப்புற வலை வயரை அப்படியே விட்டுவிடுங்கள். இனி ஒலியைக் கூட்டிக் குறைப்பதைக் கம்ப்யூட்டரிலேயே செய்யுங்கள். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும்.

சிலர் கெபாசிட்டரை ஸ்பீக்கர் வயரில் வைக்கச் சொல்வார்கள். நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 250 மைக்ரோஃபாரடு வரும். நல்ல தரத்தில் அது பெரிதாகவும் விலை அதிகமாகவும் இருக்கும். மேலும், 8 ஓம் என்பது பெயரளவுக்குத்தான். பாஸ் பகுதியில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் பல மடங்கு உயரும். போட்ட கணக்கு அங்கே பொய்த்துப்போகும்.

ஒலியின் தூய்மை கெடுமா?

"நல்ல ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் எதையும் குறுக்கே வைக்கக் கூடாது" என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களுடைய ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெபாசிட்டர் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 1977ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் வாண்டர்ஸ்டீன் நிறுவனம், தன் சப்வூஃபர்களை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைக்கும் 80 ஹெர்ட்ஸ் ஃபில்டருடன் சேர்த்தே வடிவமைத்தது. சினிமா ஒலிக்கான டி.எச்.எக்ஸ். முறையிலும் 80 ஹெர்ட்ஸில்தான் ஒலி பிரிக்கப்படுகிறது.

யாருக்குத் தேவையில்லை?

கடையில் ஒரே செட்டாக விற்கும் 2.1 ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. அதற்குள்ளேயே ஒலி பிரிக்கப்பட்டுவிடுகிறது. ஹோம் தியேட்டர் ரிசீவர் வைத்திருப்பவர்கள், அதன் மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று அமைத்தால் போதும். தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கும், இரவில் மெல்லிய ஒலியில் மட்டும் கேட்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மற்றவர்கள் கெபாசிட்டரை இணைத்த பிறகு, நன்கு தெரிந்த ஒரு பாட்டை ஓடவிடுங்கள். சப்வூஃபரில் ஃபேஸ் ஸ்விட்ச் இருந்தால் இரண்டு நிலைகளிலும் கேட்டுப் பார்த்து, பாஸ் நிறைவாக ஒலிக்கும் நிலையில் விடுங்கள். சப்வூஃபர் தனியாக ஒலிப்பது போல் தோன்றினால் அதன் ஒலியைச் சற்றுக் குறையுங்கள்.

இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர், இன்னும் பெரிய ஸ்பீக்கர் என்று பணத்தைச் செலவழிக்கும் முன், இந்த இரண்டு கெபாசிட்டர்களைப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் ஏற்கனவே இருக்கும் ஸ்பீக்கரின் உண்மையான தரம் அப்போதுதான் தெரியும்.