கிராஸ் மேல பழி போடாதீங்க சாமி!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கிரீஸ் பிசுக்கான பதிவு. கவிதை தேடி வந்தவங்க மன்னிக்கணும்.

எங்க காரைக்கால்ல மீன் ஏத்துற குட்டியானையோ, வாஞ்சூர் துறைமுகத்துப் பக்கம் ஓடுற லாரியோ, டிரைவரைக் கேட்டா ஒரே புலம்பல்தான்: "கிராஸ் நிக்க மாட்டேங்குதுங்க". ஏன்னு கேட்டா டூப்ளிகேட் சாமான், ரோடு மோசம், கிரீஸ் அடிக்கல. மூணுமே நடக்குறதுதான். ஆனா ஒரிஜினல் போட்டும் திரும்பத் திரும்ப அதே கிராஸ் போச்சுன்னா, குத்தவாளி அது இல்ல. கோணம்!

கியர் பாக்ஸையும் பின் ஹவுசிங்கையும் இணைக்கிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் இருக்குறதுதான் இந்த கிராஸ். சாய்வா சுத்தும்போது இது ஒரே சீரா சுத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். கோணம் 10 டிகிரின்னா ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 டிகிரின்னா 6 சதவீதம். கோணம் ரெண்டு மடங்கு, ஆட்டம் நாலு மடங்கு! முன் கிராஸ் செய்யுற இந்த வம்பைப் பின் கிராஸ்தான் சரிக்கட்டணும். அதுக்கு ரெண்டு கோணமும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள்ள இருக்கணும், ரெண்டு யோக்கும் ஒரே வரிசையில நிக்கணும்.

நம்மாளுங்க என்ன பண்றாங்க? லோடு தாங்கணும்னு பட்டை மேல பட்டை அடுக்குறாங்க. வண்டி உசர, ரெண்டு கோணமும் ஏறுது. இன்னும் சிலர் பின்பக்க ஷாக்கிளை மட்டும் நீளமா மாட்டுறாங்க. பினியன் மூக்கு மேல தூக்கிக்குது. முன்னாடி 7 டிகிரி, பின்னாடி 3 டிகிரின்னு ஆகிப்போனா எது எதைச் சரிக்கட்டும்?

அடுத்த கூத்து, ஷாஃப்டைக் கழட்டுறப்போ ஒரு சாக்பீஸ் கோடு போடாதது. ஸ்லிப் யோக்கை ஒரு பல் தள்ளி மாட்டினாலே வரிசை போச்சு. அப்புறம் "பாலன்ஸ் பண்ணிட்டு வாங்க"ன்னு துரத்துறது. பாலன்ஸ் கோளாறு சுத்துக்கு ஒரு தடவை உதறும், கோணக் கோளாறு ரெண்டு தடவை. பாலன்ஸ் மிஷின் இதை எப்படிங்க தீர்க்கும்?

இது காசு பிரச்சினை மட்டும் இல்ல. ஓடுறப்போ முன் கிராஸ் ஒடிஞ்சா ஷாஃப்டோட முன்தலை ரோட்டுல குத்தும். வேகமாப் போற வண்டியையே தூக்கிப் போட்டுடும். பக்கத்துல டூவீலர்ல வர்றவன் என்ன பாவம் பண்ணான்?

இதை ராக்கெட் விஞ்ஞானம்னு யாரும் சொல்லாதீங்க. 17-ஆம் நூற்றாண்டுலயே ராபர்ட் ஹூக் இதை ஆராய்ஞ்சிருக்காரு. அதுக்கும் முந்தின நூற்றாண்டு இத்தாலிக்காரர் கார்டானோ பேரை வச்சு, பிரெஞ்சுக்காரங்க இன்னிக்கும் இதைக் 'கார்தான்'னுதான் சொல்றாங்க. அவங்க 1954 வரைக்கும் ஆண்ட ஊர்ல நாம சுத்தியல மட்டும் வச்சுக்கிட்டு நிக்கிறோம்!

வழி ரொம்ப சுலபம். வண்டியை சமதளத்துல, வழக்கமான லோடோட நிறுத்துங்க. கியர் பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூணோட சாய்வையும் அளந்து பாருங்க. செல்போன்லயே மட்டம் பார்க்குற வசதி இருக்கு. பத்து நிமிஷ வேலை.

அடுத்த தடவை "கிராஸ் போச்சு"ன்னு மெக்கானிக் சொன்னா, "கோணம் அளந்தீங்களா அண்ணே?"ன்னு கேளுங்க. முறைப்பாரு. பரவால்ல, கேளுங்க.

டிஸ்கி: எந்தப் பட்டறையையும் மனசுல வச்சு எழுதல. எல்லாப் பட்டறையையும் வச்சுத்தான் எழுதினேன். ஹி ஹி.